காதைத் தொட்டால் கூக்ளி

614-ஆம் அறைக் கதவில் அட்டையை நாலு தடவை தேய்த்தேன். நாலு தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் யாரென்று கேட்டது. பயிற்சி முடிந்து வேர்வையோடு நின்றிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. 614 போன மாதம், வேறொரு நாட்டில். இந்த ஊரில் என் அறை 416. மூடிய கதவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு மாடி இறங்கினேன்.

பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. உலகத்தில் எங்கெல்லாம் இருபது ஓவர் லீக் நடக்கிறதோ அங்கெல்லாம் போய், ஒரு ஆட்டத்துக்கு நாலு ஓவர் வீசிவிட்டு வருவேன். நன்றாகப் போன காலத்தில் வருடத்துக்கு ஐந்து லீக், ஐந்து நிறத்தில் சட்டை. விக்கெட் விழுந்ததும் குனிந்து என் சட்டை நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று முடிவுசெய்த நாட்கள் உண்டு. எந்த ஊரிலும் பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் அடுக்கியதில்லை. அதனால் எனக்குப் பெயரே ‘பெட்டி’ என்று ஆகிவிட்டது. இளையவர்கள் மரியாதைக்காக ஓர் ‘அண்ணா’ சேர்த்துக்கொள்வார்கள். பெட்டி அண்ணா.

416-இல் கட்டில்மேல் துண்டில் செய்த அன்னப்பறவை உட்கார்ந்திருந்தது. அறையைச் சுத்தம் செய்யும் அம்மாவின் கைவேலை. லீக்கின் கடைசிச் சுற்றுக்காக இந்த ஊருக்கு வந்த முதல் நாள் அதைப் பிரிக்க மனசு வராமல் பழைய சட்டையால் தலை துவட்டிக்கொண்டேன். மறுநாள் அந்த அம்மா இன்னொன்று செய்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு தினம் ஒன்று. இப்போது ஒன்பது. கட்டிலில் பாதி இடம் அவைகளுக்குத்தான். நான் எதற்கும் சொல்லிவைக்கிறேன், அவைகளோடு பேசும் அளவுக்கு நான் போகவில்லை. ஒரே ஒரு தடவை, டிவி ரிமோட் எங்கே என்று கேட்டேன். அவ்வளவுதான்.

பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வரும். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கடையிலிருந்து வந்து முகம் கழுவும் நேரம், எனக்குப் பயிற்சி முடியும் நேரம், இரண்டும் ஒத்துவருவது அப்போதுதான். போனை எடுப்பது பத்து வயது மகள். எடுத்ததும் ஒரு ‘ஹாய்ப்பா’. உடனே போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு ஓடிவிடுவாள். பிறகு எனக்குத் தெரிவது கூடத்து மின்விசிறி மட்டும். என் வீட்டு மின்விசிறியை என்னளவுக்கு ஆழ்ந்து படித்தவர்கள் யாரும் இருக்க முடியாது. மூன்று இறக்கை, அதில் ஒன்று லேசாகக் கோணல், அந்தக் கோணல் இறக்கையின் ஓரத்தில் ஒட்டடை.

பிறகு மனைவி முகம் வரும்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“தூங்கினீங்களா?”

“நல்லாத் தூங்கினேன்.”

“எல்லாரும் நல்லாப் பழகுறாங்களா?”

“அதெல்லாம் ஒரே கலகலப்புதான் இங்க.”

அப்போது ஒன்பது துண்டுகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

பேச்சு முடியும்போது அவள் எப்போதும் ஒரு கேள்வி கேட்பாள். இந்தத் தடவை எத்தனை நாள் இருப்பீங்க? நான் ஓர் எண் சொல்வேன். பன்னிரண்டு, ஒன்பது, ஒருமுறை நாலு. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த எண் முப்பதைத் தொட்டதில்லை. சேர்ந்தாற்போல் மூன்று வாரம் வீட்டில் இருந்தால் நான் கரண்டியைத் தேடி எல்லா இழுப்பறையையும் திறப்பேன். மகள் எழுந்து வந்து, விருந்தாளிக்கு எடுத்துக் கொடுப்பதுபோல் எடுத்துக் கொடுப்பாள். குடும்பத்துக்காகத்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். குடும்பத்துக்குப் பயந்துதான் சுற்றினேன் என்பதை அன்னப்பறவைகளிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தச் சுற்றலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஐந்து லீக் நாலாகி, மூன்றாகி, இந்த வருடம் இரண்டில் வந்து நின்றது. போன மாதத்துக் குழு, ஆட்டம் முடிந்த அன்றே அடுத்த வருடம் வேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டது. மிச்சம் இது ஒன்று. இங்கே அடுத்த சீசனுக்கு வெளிநாட்டுக்காரர்களில் நாலு பேரை வைத்துக்கொள்வார்கள். மூன்று இடம் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு இரண்டு பேர்: ஒருவன் இருபத்து மூன்று வயது வேகப்பந்துக்காரன், இன்னொருவன் முப்பத்தேழு வயது நான். கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் கோச். அந்த இடம் போனால் எனக்குப் போக ஓரிடம்தான் உண்டு. அங்கே கரண்டி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டீச்சர் என்றால் எங்கள் குழுவின் ஆய்வாளர். பதினாலு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது லேப்டாப்பை வைத்துக்கொண்டு எங்களுக்குக் கணக்குச் சொல்கிறார். கூட்ட அறையில் நாலு நாற்காலி காலியாக இருந்தும் என்னை எதிரே நிற்கவைத்துத்தான் பேசினார். பழக்கதோஷம்.

இந்த சீசனில் எத்தனை கூக்ளி போட்டிருக்கிறேன் என்று கேட்டார். தெரியாது என்றேன். முப்பத்தெட்டு என்றார். அதில் எத்தனை விக்கெட் என்று கேட்டார். அது எனக்கே தெரிந்ததால் கூரையைப் பார்த்தேன்.

கிரிக்கெட் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் லெக் ஸ்பின்னர். என் சாதாரணப் பந்தான லெக் பிரேக் தரையில் பட்டதும் வலக்கை ஆட்டக்காரரை விட்டு வெளியே திரும்பும். அதே கைவீச்சில் போட்டு உள்ளே திரும்பவைப்பது கூக்ளி. எது வருகிறதென்று ஆட்டக்காரருக்குத் தெரியக் கூடாது. ஆனால் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருக்கும் கீப்பருக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் பந்து ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். அதனால் எங்களுக்குள் ஒரு ஜாடை. இடது காது மடலைத் தொட்டால் கூக்ளி. என் முதல் லீக்கின் கீப்பர் முதலில் மூக்கைத் தொடச் சொன்னார். டிவியில் பார்க்க நன்றாக இருக்காது என்று நான்தான் காதுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் புதுக் கீப்பரின் காதில் இதை ஓதிவிடுவேன்.

டீச்சர் பன்னிரண்டு துண்டுப் படங்களை வரிசையாக ஓட்டினார். பந்தை அல்ல, ஆட்டக்காரர்களின் கண்ணைப் பார்க்கச் சொன்னார். நான் காதைத் தொடுகிறேன். ஆட்டக்காரரின் கண் என் காதில். உடனே கால் நகர்கிறது. பந்து என் கையை விட்டுக் கிளம்பும் முன்பே அவர் அதை அடித்து முடித்த மாதிரி நிற்கிறார். பன்னிரண்டும் அப்படித்தான்.

“இந்த ஜாடைய இதுவரைக்கும் எத்தன கீப்பருங்ககிட்ட சொல்லியிருக்கீங்க?” என்றார் டீச்சர்.

விரல்விட்டு எண்ணினேன். விரல் போதவில்லை. இந்தக் குழுவின் கீப்பரைச் சேர்க்காமலே இருபத்தேழு வந்தது.

“மாத்தவே இல்லையா?”

“மறந்துடுவேனேன்னு மாத்தல, டீச்சர்.”

“அந்த இருபத்தேழு பேரும் பேட்டிங்கும் பண்ணுவாங்கதானே?”

கேட்காமலே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். வயதாகிவிட்டது, விரலில் பிடி போய்விட்டது என்று ஒன்றரை வருடமாக விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரலில் ஒன்றுமில்லை. போன வருடம் என் பந்துக்குப் பின்னால் குந்தியிருந்தவன் இந்த வருடம் எதிரே மட்டையோடு நிற்கிறான். அவன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்கிறான். அவன் அடுத்த நாட்டுக்குப் போய்ச் சொல்கிறான். என் ரகசியம் என்னைவிட அதிக நாடுகளைப் பார்த்துவிட்டது. இத்தனை பேருக்கு என்னைப் பற்றி ஒரு விஷயம் அச்சுப் பிசகாமல் தெரியும். என் மகள் பெயர் தெரிந்தவர்கள் அதில் மூன்று பேர்கூடத் தேற மாட்டார்கள்.

ஜாடையை மாற்றி இன்றைக்கே பூட்டிடம் சொல்லிவிடுங்கள் என்றார் டீச்சர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பூட்டு இந்தக் குழுவின் கீப்பர். அந்த சீசன் முழுக்க அவனைத் தாண்டி ஒரு பந்துகூடப் பின்னால் போகவில்லை. மட்டையில் படாமல் கீப்பரையும் தாண்டிப் போகும் பந்தில் கிடைக்கும் பை ரன் ஒன்றுகூட விட்டதில்லை. அதனால் பூட்டு. பேச்சு கம்மி. ஆனால் ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்து இடத்தில் தன் கையுறைகளைப் போட்டு எனக்காகப் பிடித்துவைப்பான். ஏறியதும் எடுத்துக்கொள்வான். அந்த ஊரில் எனக்கென்று யாராவது ஒன்று பிடித்துவைத்தார்கள் என்றால் அது அந்த சீட்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்குள் ஒரு மகா புத்திசாலி விழித்துக்கொண்டான். ஜாடையை எதற்கு மாற்ற வேண்டும்? உலகமே நம்புகிற ஜாடை கைவசம் இருக்கிறது. இன்று நெருக்கடியான நேரத்தில் காதைத் தொட்டுவிட்டுச் சாதாரணப் பந்தைப் போட்டால் எந்தக் கொம்பனும் ஏமாறுவான். இதைப் பூட்டிடம் சொன்னால்? அடுத்த மாதம் அவன் வேறு லீக்கில், இன்று எதிரணியில் ஆடும் மாப்பிள்ளை என்பவனோடு ஒரே குழுவில் ஆடப்போகிறான். இருபத்தேழு கீப்பர்களை நம்பித்தானே இந்தக் கதி. இருபத்தெட்டாவதும் வேண்டுமா?

எடுத்த வாயை வைத்துக்கொண்டு, மேகமா இருக்குல்ல என்றேன். அவன் வெளியே பார்த்தான். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆமாண்ணா என்றான்.

மாப்பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நானும் அவனும் மூன்று லீக்கில் ஒரே குழு. என் இருபத்தேழில் அவனும் ஒருவன். ஒரு சீசனின் நடுவில் நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, ஐந்தாம் நாள் வந்து கீப்பிங் செய்தான். அன்று வைத்த பெயர். இப்போது இரண்டு பிள்ளைகள் ஆன பிறகும் மாப்பிள்ளைதான்.

அவர்கள் கடைசி ஓவருக்கு வந்தபோது ஒன்பது ரன் வேண்டியிருந்தது. வழக்கமாக அந்த ஓவரை வீச வேண்டியவன் அந்த இருபத்து மூன்று வயதுக்காரன். அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அடுத்தவன் உடம்பு நோகும்போது சந்தோஷப்படக் கூடாது. நான் பட்டேன். கேப்டன் என் பக்கம் பந்தைத் தூக்கிப் போட்டார். ஐந்து பந்தில் ஐந்து ரன் கொடுத்தேன். ஒரு பந்து பாக்கி, நாலு ரன் வேண்டும், எதிரே மாப்பிள்ளை.

மைதானத்தின் ஓரத்தில் கோச் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அடுத்த வருடத்து 614-களும் 416-களும் எல்லாம் அந்தக் கட்டிய கையில்தான் இருந்தன. நான் நிதானமாக இடது காது மடலைத் தொட்டேன். தொட்டதோடு விடவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று லேசாக இழுத்தும் விட்டேன். மாப்பிள்ளையின் கண் காதுக்கு வந்துபோனது. அவனுக்குப் பின்னால் பூட்டும் பார்த்தான். ஒரு தலையசைப்பு. சரிண்ணா என்கிற தலையசைப்பு. அந்த ஒரு நொடியில் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அதற்குள் பந்து வீச ஓட ஆரம்பித்துவிட்டேன்.

என் வாழ்க்கையின் மிகச் சிறந்த லெக் பிரேக் அது. பொய்யில்லை. மாப்பிள்ளை உள்ளே வரும் பந்துக்காக இரண்டு அடி இறங்கி வந்து இடப்பக்கம் சுற்றினான். பந்து வலப்பக்கம் திரும்பி அவன் மட்டையை ஒரு சாண் இடைவெளியில் தாண்டியது. ஸ்டம்பிங்குக்கு ஒரு வினாடி முழுசாக இருந்தது. ஒரு குழந்தைகூட ஸ்டம்பு மேலிருக்கும் பெயிலைத் தட்டியிருக்கும், பந்து கையில் இருந்திருந்தால். பூட்டு என் காதை நம்பி உள்பக்கம் போயிருந்தான். அவன் திரும்பிப் பாய்ந்து கையை நீட்டுவதற்குள் பந்து கையுறைக்கு நாலு விரற்கடை தள்ளிப் போய், யாருமே இல்லாத பின்பக்கத்தில் உருண்டு, உருண்டு, எல்லைக் கயிற்றைத் தொட்டது. நாலு பை ரன். ஆட்டம் முடிந்தது.

ஓர் ஆட்டக்காரனை ஏமாற்றலாம் என்று போய் இரண்டு பேரை ஏமாற்றினேன். மூன்றாவது ஆள் நான்.

கைகுலுக்கும் வரிசையில் மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தான். நான் யார்கிட்டயும் சொல்லல அண்ணா, எனக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு என்று காதோரம் சொன்னான். சமாதானம் சொல்வதில் அவனுக்கு எப்போதுமே சாமர்த்தியம் போதாது.

உடைமாற்றும் அறையில் பூட்டு கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிவியில் அவன் பாய்ந்து விழுவதை நாலு கோணத்தில் காட்டினார்கள். கீப்பரின் தவறு என்று யாரோ வர்ணித்துக்கொண்டிருந்தார். நான் போய் ரிமோட்டைத் தேடினேன், அதுவும் கிடைக்கவில்லை. அவன் முன்னால் வந்து நின்று, தப்பு என்மேலதான், எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் என்றேன்.

“அது பரவால்லண்ணா,” என்றான். கையுறையைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே, “என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்” என்றான்.

எல்லோரையும் நம்பிக் கெட்டேன் என்று நினைத்திருந்தேன். ஒருத்தனை நம்பாமல் அதைவிட அழகாகக் கெட்டேன். கேப்டனிடமும் கோச்சிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். கோச் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார். இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். திட்டினால் அடுத்த வருடம் உண்டு. தோளில் கை விழுந்தால் வீட்டுக்கு டிக்கெட். திரும்பும் பஸ்ஸில் என் இடத்தில் கையுறை இல்லை. இடம் காலியாகத்தான் இருந்தது. நான்தான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. போனை மேசை விளக்கில் சாய்த்து வைத்தேன். பெட்டி கட்டத் தேவையே இல்லை, அது கட்டியபடிதான் இருந்தது. ஹாய்ப்பா. மின்விசிறி. பிறகு மனைவி முகம்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“மேட்ச் பார்த்தோம்.”

“அதுவா, ஜெயிக்கிறதும் தோக்கறதும் சகஜம்தானே. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

திரைக்கு வெளியே எங்கிருந்தோ மகள் குரல் வந்தது. பெரிய செய்தி ஒன்றும் இல்லை, மழை வருது என்பதுபோலச் சொன்னாள்.

“அம்மா, காது.”

என் இடது கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். மடலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மனைவி சிரிக்கவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். கல்யாணம் ஆன புதிதில் அவள் செய்த சமையலை நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன நாளிலிருந்து தெரியும் என்றாள். டாக்டர்கள் கிறுக்கித் தரும் சீட்டையே தினமும் முந்நூறு படிப்பவள். என் காது அவளுக்கு அச்செழுத்து.

“அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா நீங்க காதையும் தொடாம போயிடுவீங்க. இப்ப இதாவது தெரியுதே.”

வெளியே காரிடாரில் சுத்தம் செய்யும் வண்டியின் சக்கரம் போகும் சத்தம் கேட்டது. பதினோரு வருடமாக அவள் தினமும் அந்த அழைப்பில் நான் சொன்னதைக் கேட்டதே இல்லை, காதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரும் இல்லை. எல்லாம் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மகள் முகத்தை உள்ளே நுழைத்தாள். “அப்பா, ரெண்டு கையையும் மேசைமேல வைங்க. வச்சுட்டுச் சொல்லுங்க.”

வைத்தேன். இரண்டு உள்ளங்கையும் கீழே, பத்து விரலும் தெரிய.

“சாப்பிடல,” என்றேன். “தூங்கவும் இல்ல. அடுத்த வருஷம் என்னை எடுக்கல. இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க. அங்க வர்றதுக்குப் பயமா இருக்கு.”

கை நகரவில்லை. மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வழக்கமாகக் கடைசியில் கேட்கும் கேள்வியை அவள் கேட்டாள். “எத்தனை நாள் இருப்பீங்க?”

“எண் எதுவும் இல்ல.”

சரி என்றாள். முகத்தைத் துடைப்பதற்கோ எதற்கோ எழுந்து போனாள். போகிற அவசரத்தில் போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டாள். மகளும் அவள் பின்னால் போயிருக்க வேண்டும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ அதை நிறுத்தினார்கள். இறக்கைகள் மெதுவாகி, மெதுவாகி நின்றன. கோணல் இறக்கை சரியாக எனக்கு நேரே நின்றது. ஒட்டடை அப்படியே இருந்தது. எட்டித் துடைக்க வேண்டுமானால் ஏறி நிற்க ஏதாவது வேண்டும்.

“யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டேன். “நம்ம வீட்ல ஸ்டூல் எங்க இருக்கு?”